ஐயுறவியல்: திருகோணமலைத் துறைப்பகுதி அயலுலக நூற்பயில்வோர் படலம்

மாணாக்க, கேள். ஒன்றை உண்டென்றும் துணியாது, இல்லென்றும் துணியாது, இடையில் நின்று தலையைச் சொறியும் உள்ளநிலைக்கு ஐயுறவு என்று பெயர். அது பலதிறப்படும். மீன்கடை நிறைகோலை ஐயுறல், கொழும்புப் பேருந்து புறப்படும் பொழுதை ஐயுறல், அயல்வீட்டார் கொடுத்தனுப்பிய கறியை ஐயுறல் என அவை விரியும். அவற்றை விடுத்து இந்நூல் எடுத்துக்கொண்டது ஒன்றே: வேற்றுலகத்தார் நம்மொடு தொடர்பு கொண்டமை கூறும் நூல்களைப் பயில்வோர், கணியத்தின்மீதும் வருவதுரையின்மீதும் கொள்ளும் ஐயுறவு.

எல்லை கூறாத நூல் நூலன்று. ஆகலின் அதனை முதற்கண் கூறுதும். வடக்கே உப்புவெளிக் கடற்கரை; தெற்கே மூதூர்ப் படகு புறப்படும் உட்துறை; கிழக்கே கோணேசர் கோயில் கொண்ட மலையின் செங்குத்து; மேற்கே சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவைத்துப் போன எண்ணெய்த் தாங்கிகள். இவ்வெல்லைக்குப் புறத்தே கந்தளாயிலும் ஐயுறுவோர் உளர். அவர்க்கு வேறு நூல் செய்யப்படும்.

இனிச் சொற்பொருள். அயலுலக நூல் மூவகைத்து. முதலாவது புனைநூல்: ஆர்தர் சி. கிளார்க், சுஜாதா போல்வார் எழுதியன. இரண்டாவது கண்டோருரை: தட்டு இறங்கிற்று, அதிலிருந்து வந்தவரொடு யான் பேசினேன் என்பார் கூற்று, 1953இல் ஜோர்ஜ் அடம்ஸ்கி வெளியிட்டது இவ்வகைக்குத் தலைமகன். மூன்றாவது தொல்வருகைநூல்: வேற்றுலகத்தார் பண்டே வந்துபோயினர், நம் முன்னோர் அவரைத் தேவர் என மயங்கினர் என்பது, எரிக் வொன் டனிக்கன் 1968இலும் சக்காரியா சிட்சின் 1976இலும் இதனைப் பரப்பினர். இம்மூன்றையும் ஒரே அடுக்கில் வைத்தல் பெரும்பிழை. எனினும் இத்துறையூர் வீட்டு அலுமாரிகளில் அவை அவ்வாறே உள. உப்புக்காற்றுப் பட்டுத் தாள் ஊதி, முதுகு பிளந்து, ஒன்றன் மட்டை மற்றொன்றில் ஒட்டி நிற்றலின், எது புனைவு எது கண்டோருரை என்பது எடுப்பவர் கைக்கும் விளங்குவதில்லை.

கணியம் என்பது மக்கள் சாத்திரம் என வழங்குவது, கணக்கு உடையது. வருவதுரை கணக்கு இல்லது. கனவாலோ கல்வெட்டாலோ வேற்றுலகத்தார் வாயாலோ வருவது. இரண்டையும் ஒன்றென்பார் இந்நூலை மூடிவைக்க.

1. நிறையையம்.

கணியத்தையும் வருவதுரையையும் ஒருசேர, விலக்கின்றி ஐயுறல். இது மிக அரிது. மேற்கூறிய எல்லைக்குள் இதற்குத் தலைக்காட்டாக நிற்பவர் அயல்நாட்டார் ஒருவர். 1956இல் இலங்கைக்கு வந்து தங்கிய ஆர்தர் சி. கிளார்க், அவ்வாண்டே மைக் வில்சன் என்னும் ஒளிப்படக்காரரொடு கோணேசர் மலையடியில் மூழ்கி, பறங்கியர் இடித்துக் கடலில் தள்ளிய பழங்கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டார். அதனை அடுத்த ஆண்டே நூலாக்கினார். வேற்றுலகத்தார் தம் கலங்களை நகரங்களின்மேல் நிறுத்தும் ‘சைல்ட்ஹூட்ஸ் என்ட்’ நாவலோ 1953இலேயே வெளிவந்துவிட்டது. எனவே நம் கடலில் இறங்கியபோதும் அவர் அயலுலக நூலார், கரையேறியபோதும் அவரே. கணியத்தை அவர் ஏற்றிலர். தாம் சிலை ஓரையில் பிறந்தவர், அவ்வோரையார் எதையும் எளிதில் நம்பார், ஆகையால் கணியத்தையும் நம்புவதில்லை என்று அவர் கூறியதாக ஒரு பேச்சு உலகெங்கும் வழங்கும்.

இக்கூற்றை முறையாக ஆராய்வாம். அவர் பிறந்தது 1917 டிசம்பர் 16. அன்று ஞாயிறு சிலை ஓரையில் நின்றமை மேனாட்டுக் கணக்கிற்கும் நம் கணக்கிற்கும் ஒக்கும். ஆயினும் மேனாட்டார் ஞாயிறு நின்ற ஓரையைப் பிறப்போரை என்பர். நம்மவர் திங்கள் நின்ற ஓரையையே கொள்வர். ஆகவே அவர்தம் ஐயம் மேனாட்டு முறைப்படி மட்டுமே செல்லும். நம்மூர்க் கணியர் ஒருவர் அவர் பிறந்த நாழிகையைப் பெற்று, திங்களின் இருப்பைக் கண்டு, அதன் பின்னரே அவருக்குக் கணியத்தை ஐயுறும் தகுதி உண்டா இல்லையா எனத் தீர்த்தல் வேண்டும். இவ்வாய்வை எவரும் மேற்கொள்ளாதது இத்துறைக்கு நேர்ந்த குறை.

மறுதலைக் காட்டும் அதே நீரில் உளது. உடன் மூழ்கிய வில்சன் கடலடியில் இலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார் என்ப. அது இன்று கோணேசர் கோயிலில் வழிபாடு பெறுகின்றது. 1962இல் சிங்கள மொழியின் முதல் முழுநீள வண்ணத் திரைப்படமான ‘ரன்முத்து தூவ’வை இயக்கிய அவர், பின்னர்த் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆயினார். கல்கி என்பது வருவதுரையின் கடைசியில் குதிரைமேல் வரவேண்டியவர் பெயர். இருவர்க்கும் ஒரே பாறை, ஒரே ஆண்டு, ஒரே நீர். ஒருவர் ஐயுறுவோராகவே நின்றார். மற்றவர் வருவதுரையின் பெயரையே சூடிக்கொண்டார். எனவே கடல்நீரும் முதுகில் கட்டிய காற்றுக்கலமும் ஐயுறவைப் பிறப்பிப்பன அல்ல என்பது தேற்றம்.

1.1. புனைவிடுப்பு. நிறையையம் உடையார் எழுதும்போது தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் விடுமுறை. கிளார்க்கின் அந்த 1953 நாவலில், விருந்தொன்றில் கூடியோர் ஆவியரை அழைக்கும் பலகைமேல் கைவைக்க, வேற்றுலகத்தார் தாயகமான விண்மீனின் பட்டியல் எண் பிழையின்றி வந்து விழும். இதனை எழுதிய கைதான் கணியத்தைத் தள்ளியது. அதற்கு அவர் செய்த காப்பு யாதெனின், இந்நூலிற் காணும் கருத்துகள் இதனை எழுதியவர் கருத்துகள் அல்ல என்று முகப்பிலேயே அறிவித்தமை. நூல் எழுதிவிட்டுத் தாம் அதனொடு உடன்படாமையையும் அச்சிட்டவரை மாணாக்கன் வணங்குக.

1979இல் வந்த ‘த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ இன்னும் நுண்ணிது. அதில் இலங்கையைத் தெற்கே தள்ளி நிலநடுக்கோட்டில் வைத்தார். வானுக்கு ஏணி கட்ட ஒரு மலையுச்சி வேண்டும். அங்கே துறவியர் மடம். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் துறவியர் மலையைவிட்டு இறங்குவர் என்பது பழைய வருவதுரை. முடிவில் பூச்சிகள் எட்டின, துறவியர் இறங்கினர். ஆயின் பூச்சிகளை உச்சிக்குத் தூக்கியது வானிலையை ஆளும் ஆய்வொன்றில் எழுந்த சூறைக்காற்று. வருவதுரை பலித்தது, பலித்ததற்குக் கணக்கும் காட்டப்பட்டது. இதனை ‘இருபுறத்தார்க்கும் ஊட்டல்’ என்னும் உத்தியாகக் கொள்க.

1.2. பணையவையம். நம்பேன் என்பதோடு அமையாது, நம்பாமையின்மேல் பணம் கட்டுதல். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஏ. ரி. கோவூர் 1963இல் நூறாயிரம் உரூபா அறைகூவல் விடுத்தார். கணியர்க்கும் கைவரி பார்ப்போர்க்கும் அவர் வைத்த தேர்வு எளிது: குறிப்புகளைக் கொடுப்பேன், இவற்றுள் எவை ஆணுடையவை, எவை பெண்ணுடையவை, எவர் உயிரோடுளர், எவர் இறந்தார் எனப் பிரித்துக் காட்டுக. 1978இல் அவர் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது. அவர் அயலுலக நூல் பயின்றவரா என்பது இங்கு வேண்டாதது. பயில்வோர் அனைவரும் அவரையே மேற்கோள் காட்டுவர். இந்நூலாசிரியரின் துணிபும் அதுவே: பணம் கட்டாத ஐயம் பாதி ஐயம்.

2. குறையையம்.

இத்துறையூரில் மலிந்தது இதுவே. ஒருவன் எதை ஐயுறுகின்றான் என நோக்கி இதனை வகுத்தல் கூடாது. எதை விட்டுவைக்கின்றான் என நோக்கியே வகுத்தல் வேண்டும். இவ்விதியை மறந்து முன்னோர் சிலர் தடுமாறினர்.

2.1. மணவிலக்கு. பெண்ணுக்கு மணம் பேசும் பொழுதில் மட்டும் ஐயம் ஒதுங்கி நிற்றல். காட்டு: உவர்மலையில் ஓர் ஓய்வுபெற்ற துறைமுக எழுதுநர். கிளார்க்கின் ‘ராமா’ நாவலை, ஞாயிற்றுக் குடும்பத்துள் ஆளில்லாப் பெருங்கலம் நுழையும் அந்நூலை, பென்சிற் குறிகளோடு பயின்றவர். கணியரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகின்றவர். ஒருநாள் அவர்தம் மனைவியார் உரைத்தது வருமாறு:

“இஞ்சருங்கோ, பெடியன்ர குறிப்பு வந்திருக்கு. ஒருக்காக் கொண்டுபோய்ச் சாத்திரியாரிட்டக் காட்டுங்கோ.”

“உதுகளில எனக்கு நம்பிக்கை இல்லையெண்டு தெரியும்தானே.”

“உங்கட நம்பிக்கை ஆருக்கு வேணும்? அவையள் பொருத்தம் கேக்கினம்.”

அவர் சட்டையை மாட்டினார். இரண்டு குறிப்புகளும் மடங்காதிருத்தற்பொருட்டு அவற்றை ‘ராமா’ நாவலுக்குள் வைத்து எடுத்துச் சென்றார். பெண்ணுக்குச் செவ்வாய் எட்டில், பையனுக்கும் அவ்வாறே, ஆகவே குற்றமில்லை. பத்துப் பொருத்தத்தில் எட்டு உண்டு எனக் கணியர் கூறினார். எழுதுநர் முகம் மலர்ந்தது. ஐயுறுவோன் எட்டு என்னும் எண்ணால் முகம் மலர்தற்கு இலக்கணத்தில் இடமில்லை; ஆயினும் மலர்ந்தது. வீடு திரும்பியதும், “அந்தாள் சும்மா உளறுது, எண்டாலும் எட்டு” என்றார். இத்தொடரில் உள்ள ‘எண்டாலும்’ என்பதனை மணவிலக்கின் உருபு எனக் கொள்க.

2.2. வள்ளவிலக்கு. புதிய வள்ளத்தைக் கடலில் இறக்கும் பொழுதில் ஐயம் கரையில் நிற்றல். திருக்கடலூர்க் கரையில் வெள்ளிக்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையே நின்று பார். கைப்பேசியில் வேற்றுலகத்தார் படங்களை உருட்டிக்கொண்டிருக்கும் இளைஞன், “அப்பு, கடலுக்கு மணிக்கூடு தெரியுமே?” என்று தந்தையை நகையாடுவான். அக்கேள்வி நன்று. ஆயினும் வள்ளம் பன்னிரண்டு தாண்டியே இறங்கும். ஏன் என்று வினவின், இராகு காலம் என்று அவன் வாயெடான். எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன் என்பான். இதற்கு எண்ணெய்ச்சாட்டு என்று பெயர். ஒன்றரை மணிநேரம் எண்ணெய் குடிக்கும் எஞ்சினை இதுகாறும் எந்த நிறுவனமும் செய்திலது.

2.3. ஈரைந்திறத்தார். பஞ்சாங்கம் என மக்கள் வழங்கும் ஐந்திறம் நம்மிடை இரண்டு: வாக்கியம், திருக்கணிதம். முன்னது பழைய வாய்பாட்டின்வழிச் செல்வது. பின்னது கோள்களை உள்ளவாறு கணித்துத் திருத்தியது. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நாழிகையை இரண்டும் வெவ்வேறாகக் கூறும். மருத்துநீர் வைப்போர் இரண்டையும் குறித்துக்கொண்டு இடைப்பட்ட பொழுதில் நீராடி முடிப்பர். சனி என்னும் காரிக்கோள் மீன ஓரைக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச்சில். வாக்கியப்படி 2026 மார்ச்சில். எனவே ஏறத்தாழ ஓராண்டு அளவும் ஒரே கோள் ஈரிடத்து நின்றது. அயலுலக நூல் பயில்வோர்க்கு இஃது ஒரு வியப்பன்று. அவர் படித்த கலங்கள் இதனினும் விரைவாகத் தாவுவன. இவ்வகையார் தமக்கு ஏழரை தொடங்குவதைப் பிந்திக் கூறும் ஐந்திறத்தை நம்பி, முந்திக் கூறுவதனை மட்டும் ஐயுறுவர். ஐயுறவின் இலக்கணம் அனைத்தும் இவரிடம் உண்டு, பாதி ஐந்திறத்தளவில்.

3. மாற்றையம்.

வேறொரு வானத்தை நம்புதற்பொருட்டு இவ்வானத்தை ஐயுறல். இவ்வகையை இந்நூலாசிரியர் விரும்பார். எனினும் விடுதல் முறையன்று.

3.1. நிபிருவார். ஒன்பது கோள்களின் ஆட்சியை நகையாடி, சிட்சின் காட்டிய நிபிரு என்னும் பத்தாவதற்கு அஞ்சுவோர். வேற்றுலகத்தார் தமக்குச் செய்தி தருவதாகக் கூறிய அமெரிக்கப் பெண்மணி ஒருவர், அக்கோள் 2003இல் நிலவுலகை நெருங்கிக் கேடு சூழும் என்றார். அது வாராமையின், நாள் 2012 டிசம்பர் 21க்கு நகர்த்தப்பட்டது. ஏழரைச் சனியாவது கணக்குத் தவறாமல் முப்பதாண்டுக்கு ஒருமுறை வரும் என்பதை இவர்க்கு எடுத்துரைத்தும் பயனிலது.

3.2. இராவண வானூர்தியர். கோணேசர் மலையின் பிளவு இராவணன் வெட்டு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அவன் தன் தாய்க்குக் கடன் கழிக்கத் தோண்டியவை என்பது ஊர்வழக்கு. அவ்வளவில் நில்லாது, அவனது வானூர்தி வேற்றுலகத்தார் தந்த பொறி என்பர் இவர். 2020இல் இராவணனின் வானூர்தி பற்றிய ஏடுகள் எவரிடமேனும் இருப்பின் தருக என இலங்கையின் வான்பறப்பு அதிகார அவை நாளிதழில் விளம்பரம் செய்ததை வெட்டி ஒட்டிவைத்துளர். நாட்டின் முதற் செயற்கைக்கோளுக்கு 2019இல் ‘இராவணா-1’ எனப் பெயர் இட்டமையும் இவர்க்குச் சான்று. கணியத்தை இவர் மறுக்கும் முறை மட்டும் நூலுக்குரியது. ஒன்பது கோள்களையும் தன் அரியணைக்குப் படிகளாகக் கிடத்தியவன் இராவணன். அவன் ஊரில் பிறந்தவன் அப்படிகளுக்கு அஞ்சுவதோ என்பர். தேத்தண்ணிக் கடையில் இவ்வினாவுக்கு இதுவரை எந்தக் கணியரும் விடை கூறியதில்லை. பணம் கொடாமல் எழுந்து போனவர் உண்டு.

4. கோளறுவையம்.

இறைவன்பால் கொண்ட பற்றினால் கோள்களை ஐயுறல். திருஞானசம்பந்தர் திருக்கோணமலைமீதும் பதிகம் பாடினார். கோள்கள் அடியார்க்குத் தீங்கு செய்யா எனக் கோளறு பதிகமும் பாடினார். ஒருவரே இரண்டும் பாடினமையின் நம்மூர்க்குக் கோள் விலக்கு உண்டு என்பது இவ்வகையார் கொள்கை. கோளறு பதிகத்தை எத்தனைமுறை ஓதல் வேண்டும், எக்கிழமை ஓதல் வேண்டும் என்று அவர் வினவப் போவதோ கணியரிடம்.

5. நாட்கழிவையம்.

குறித்த நாள் கழிந்த மறுநாட் காலையில் பிறக்கும் ஐயம். 1954 டிசம்பர் 21இல் ஊழிவெள்ளம் வரும், அதற்குமுன் பறக்கும் தட்டு வந்து தம்மை ஏற்றிச்செல்லும் என்று சிகாகோவின் அருகே ஒரு கூட்டத்தார் காத்திருந்தனர். வெள்ளமும் வந்திலது, தட்டும் வந்திலது. உடனிருந்து நோக்கிய ஆய்வாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் முதலியோர் 1956இல் அதனை நூலாக்கினர். தங்கள் விழிப்பால் உலகு தப்பிற்று எனக் கூட்டத்தார் கொண்டனர் என்பது அவர் கூற்று. அந்நூல் வெளிவந்ததும் நம் மலையடியில் கிளார்க் மூழ்கியதும் ஓராண்டு. இதற்குப் பொருள் ஏதும் இல்லை, இருப்பினும் குறித்துக்கொள்.

1962 பிப்ரவரி தொடக்கத்தில் எண்கோள்கள் சுறவ ஓரையில் கூடின; உலகு முடியும் என்று அஞ்சி வேள்விகள் பெருகின; ஐந்தாம் நாள் கதிரவன் மறைப்பும் உடன் நேர்ந்தது. ஆறாம் நாள் மீன்கடை திறந்தது. 2012 டிசம்பர் 22உம் அவ்வாறே. நாட்கழிவையத்தின் ஆயுள் மிகக் குறைவு: அடுத்த நாள் அறிவிக்கப்படும் வரை.

இவ்விடத்துப் பிரெட்ரிக் கோட்டை வாயிற் கல்லை ஆராய்தல் இன்றியமையாதது. இரட்டைக் கயல் பொறித்து, எழுத்துத் தேய்ந்து நிற்கும் அக்கல், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி குலைப்பான், அதன்பின் இன்னின்ன கண்ணுடையார் ஆள்வர், முடிவில் வடுகர் என வருவது கூறும் என்ப. ஆள்வோரைக் கண்ணின் இயல்பால் வகுத்த அக்கல்லே இத்துறையில் நமக்கு முன்னூல்; இந்நூலாசிரியர் அதற்குக் கடமைப்பட்டுள்ளார். பறங்கியர் 1620களில் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர், 1672இல் சிறிது பொழுது பிரெஞ்சுக்காரர், 1782 சனவரியில் ஆங்கிலேயர், அவ்வாண்டே ஆகஸ்டில் மீண்டும் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் நிலைத்தனர். இவருள் எவர்க்கு எக்கண் என்பதில் உரைகாரர் எவரும் எவரோடும் ஒத்ததில்லை. அக்கல் புகை நிறக் கண் என்றது 1956இல் கண்ணாடி அணிந்து மூழ்கிய இருவரையே என்பார் உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில் உண்டு. புகைக்கண்ணர் இனிமேல்தான் வருவர், அவர் தலைக்கவசம் அணிந்து தட்டில் இறங்குவர் என்பாரும் அதே வாங்கில் அமர்ந்துளர். இருவரும் நாட்காட்டியின் நல்ல நேரத்தைக் கண்டு நகைப்பவர்.

கல் இத்துணைக் காலம் பிழையாது நிற்றல் ஏன்? அதில் நாள் இல்லை. சிகாகோவார் நாள் கூறினர், மறுநாளே கெட்டனர். கல் நாள் கூறிலது. கண் மட்டும் கூறிற்று. கண் இல்லாத அரசு எங்கும் இல்லை.

6. உறக்கவையம். அயலுலக நூலைத் திறந்து மூன்றாம் பக்கத்தில் உறங்கிவிட்டவர், விழித்தபின் எல்லாவற்றையும் ஐயுறல்.

புறனடை. இங்குக் கூறாதன உளவேல் அவற்றையும் இவற்றுள் அடக்குக. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களும் எதையும் நம்பா எனின், அவை நூல் பயிலா; ஆகலின் கொள்ளப்படா.

மாணாக்க, உனக்கு இட்ட பயிற்சி இரண்டு. ஒன்று: வரும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வாக்கியத்தையும் திருக்கணிதத்தையும் வாங்கி, உன் வீட்டார் எதனைப் பின்பற்றுகின்றனர், எப்பொழுதிலிருந்து, அதற்கு முன்னர் எதனைப் பின்பற்றினர் என்று எழுது. இரண்டு: உன் தந்தையார் எவ்வகை ஐயுறவினர் என்று கண்டறி. அவரிடம் நேரே கேளாதே. அலுமாரியில் உள்ள நூல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளே எவருடைய குறிப்பு மடங்காமல் இருக்கின்றது என்று பார். விடைத்தாளை வெள்ளிக்கிழமை கொண்டு வா. பன்னிரண்டு மணிக்குப் பின் வா.